முந்திரித் தோப்பில் தேயிலைக் கொசு: புதிதாகத் தோப்பு பார்க்க வந்தவர்களுக்கு

தை பிறந்து முந்திரி பூவெடுக்கும் நேரத்தில் பண்ருட்டிப் பக்கம் எந்தத் தோப்போரம் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "இந்த வருஷம் பனியில பூ கருகிப் போச்சு." என் அப்பா அப்படித்தான் சொல்வார். நானும் பல வருஷம் அதையே நம்பினேன். ஒரு நாள் விடியற்காலையில், கருகத் தொடங்கியிருந்த ஒரு பூங்கொத்தைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். காம்பின் அடிப்பக்கம் எறும்பு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலைக் கொண்டுபோனதும் அது ஓடிவிடவில்லை. காம்பைச் சுற்றி மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டது. நான் அந்தப் பக்கம் திருப்பினால் அது இந்தப் பக்கம் வந்தது. பூவைக் கருக்கியது பனி இல்லை, தேயிலைக் கொசு என்ற இந்தப் பூச்சி என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியைச் சாய்த்துவிட்டுப் போனபின் பலர் ஒட்டுக்கன்று வைத்தார்கள். அந்தக் கன்றுகள் இன்று காய்க்கும் மரங்கள். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்து அப்பாவின் தோப்பை ஏற்றவர்கள், புதிதாக நிலம் வாங்கியவர்கள் என்று எத்தனையோ பேர் முதல் முறையாக ஒரு முந்திரிப் பருவத்தைப் பார்க்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பூச்சியைக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள்.

முதல் வேலை: ஆளை அடையாளம் தெரிந்துகொள்வது

பெயரில் கொசு இருந்தாலும் இது கொசு இல்லை. கொசுவுக்கு ஒரு ஜோடிச் சிறகுதான். இதற்கு இரண்டு ஜோடி. ஒல்லி உடம்பு, நீளக் கால், நீள உணர்கொம்பு எல்லாம் சேர்ந்து பார்க்கக் கொசு மாதிரி இருப்பதால் தேயிலைத் தோட்டத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இது நாவாய்ப்பூச்சி வகை, அதாவது வாயே ஊசியாக இருக்கும் உறிஞ்சும் பூச்சி. ஆகவே புகை போடுவது, கொசுவத்தி, நீர்த்தேக்கத்தை மூடுவது எதுவும் இதற்கு ஆகாது. இதன் வாழ்க்கை முழுக்கத் தளிரில்தான்.

இதன் பேரினத்துக்கு ஹெலோபெல்டிஸ் என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை, ஜாவா வழியாக நியூகினி, வட ஆஸ்திரேலியா வரை வெப்பநாடுகளில் சுமார் 40 இனங்கள் இருக்கின்றன. தேயிலை, கொக்கோ, முந்திரி என்று பணம் தரும் பயிர்களையே தேடிப் போகும் கூட்டம். நம் முந்திரியில் பெரும்பாலும் இருப்பது ஹெலோபெல்டிஸ் அன்டோனி. 1858-இல் சிக்னோரே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குப் பெயர் வைத்தார். வால்பாறைப் பக்கத் தேயிலையில் தொல்லை கொடுப்பது தெய்வோரா என்ற இன்னோர் இனம். அதன் வயிறு பச்சை கலந்து தெரியும். பிராடியி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தோப்பில் நின்று இந்த மூன்றையும் பிரித்தே ஆகவேண்டும் என்பதில்லை. செய்யும் சேதமும் நாம் செய்யவேண்டிய வேலையும் ஒன்றுதான்.

பேரினத்தை மட்டும் தப்பாமல் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஓர் அருமையான அடையாளம் இருக்கிறது. வளர்ந்த பூச்சி 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம். கறுத்த தலை, செம்பழுப்பு மார்பு, கறுப்பும் வெள்ளையுமாக வயிறு. சிறகு தொடங்கும் இடத்தில், முதுகின் நடுவிலிருந்து ஒரு குண்டூசி நட்டுவைத்த மாதிரி ஒன்று மேலே எழுந்து நிற்கும். நுனியில் சின்னக் குமிழ். பேரினத்தின் பெயரே ஆணி, கேடயம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. அந்தக் குண்டூசி இருந்தால் சந்தேகமே வேண்டாம். கைபேசிக் கேமராவைப் பக்கவாட்டில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியாது. பலர் ஏமாறுவது அங்கேதான்.

குஞ்சுக்குச் சிறகு இல்லை. ஆரஞ்சு நிறத்தில், எறும்பு போல நடக்கும். ஐந்து முறை தோல் உரித்துப் பெரிதாகும். முதல் பருவக் குஞ்சுக்கு முதுகில் குண்டூசி இருக்காது, இரண்டாம் பருவத்திலிருந்து தெரியும். இதன் கூட்டுக்காரன் என்று நினைத்துக் கொல்லக்கூடாத ஒன்றும் அதே தளிரில் திரியும். அது கொலைகார நாவாய்ப்பூச்சி. மற்ற பூச்சிகளைக் குத்திச் சாப்பிடும் நம் ஆள். அதன் ஊசிவாய் தடித்து, கொக்கி போல வளைந்திருக்கும், முதுகில் குண்டூசி இருக்காது.

முட்டையைப் பார்க்கப் பொறுமை வேண்டும். தாய்ப்பூச்சி அதை இளந்தண்டுக்கும் இலைக்காம்புக்கும் உள்ளே சொருகிவிடும். வெளியே தெரிவது ஒவ்வொரு முட்டைக்கும் இரண்டு வெள்ளை மயிரிழைகள் மட்டும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் அந்த இழைகள் மின்னும். ஒரு வாரத்தில் முட்டை பொரியும். அங்கிருந்து இரண்டு வாரம் போலக் குஞ்சுப் பருவம். ஆக, மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயார். இந்தக் கணக்கை மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

காயத்தைப் படிக்கக் கற்பது

பூச்சி தண்டில் ஊசியைச் செருகி, உமிழ்நீரை உள்ளே விட்டு, கரைந்த திசுவை உறிஞ்சுகிறது. குத்திய இடம் முதலில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி நீர்கோத்துத் தெரியும். அன்று பார்த்தால் பூச்சி பக்கத்திலேயே எங்கேயாவது இருக்கும். பிறகு அது பழுப்பாகி, கறுத்து, நடு குழிந்துவிடும். முந்திரித் தண்டில் அந்தக் காயத்திலிருந்து பிசின் கசிந்து முத்து முத்தாக நிற்பதையும் பார்க்கலாம். காயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தளிர் முழுக்கக் காய்ந்துவிடும். பூங்கொத்தானால் கருகிப் பழுப்பாக நிற்கும். பிஞ்சில் குத்தினால் கொட்டை மேல் கரும்புள்ளி விழும், இளம்பிஞ்சு உதிரும். ஒரே பூச்சி மூன்று நான்கு தளிர்களைக் காயவைத்துவிடும். கவனிக்காமல் விட்ட தோப்பில் மகசூலில் 30 முதல் 50 விழுக்காடு வரை போவது இப்படித்தான்.

குத்திய ஓட்டை வழியாகப் பூஞ்சாணமும் உள்ளே போகும். மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாட்களில் கருகல் வேகமாகப் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம். பனிமேல் பழி போட்ட பெரியவர்கள் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. ஈரமான வானிலையில் பூச்சியும் பெருகும், பூஞ்சாணமும் பெருகும். அவர்கள் கண்ணுக்குப் பனி தெரிந்தது, பூச்சி தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேறு சேதங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தளிர் இலையில் வெள்ளிக்கோடு போட்டுக் கொப்புளம் மாதிரி எழும்பினால் அது இலை துளைக்கும் புழு. பூங்கொத்தில் வலையும் எச்சமும் இருந்தால் அது கொத்தைப் பிணைக்கும் புழு. மரம் முழுக்க மஞ்சளித்து, அடிமரத்தில் மரத்தூளும் பிசினும் வந்தால் தண்டுத்துளைப்பான். கடைசியாகச் சொன்னது மரத்தையே கொன்றுவிடும், அதற்கு வைத்தியம் வேறு. தனித்தனியான கரும்புள்ளிகள், குழிந்த நடு, வலையோ எச்சமோ இல்லாமல் சுத்தமாக இருப்பது: இவை சேர்ந்து வந்தால் மட்டும் தேயிலைக் கொசு.

இதையெல்லாம் தோப்புக்குப் போகாமலே பழகவும் இடம் இருக்கிறது. வீட்டுக் கொய்யா மரத்தில் காய்மேல் சொறி பிடித்த மாதிரித் தடிப்புகள் பார்த்திருப்பீர்கள். அதிலும் இதன் கைவரிசை உண்டு. வேம்பிலும் இது வாழ்கிறது. அண்மை ஆண்டுகளில் மழைக்காலம் முடிந்ததும் தமிழ்நாடு முழுக்க வேப்பமரங்கள் நுனி நுனியாகக் காய்ந்து பழுப்பாக நின்றதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். அதில் இந்தப் பூச்சிக்கும் ஒரு நுனிக்கருகல் பூஞ்சாணத்துக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான மரங்கள் மாசி, பங்குனியில் மறுபடி துளிர்த்துவிடும், வெட்டிவிடாதீர்கள். தோப்போர வேம்பு நுனி காயத் தொடங்கினால், அடுத்தது உங்கள் முந்திரித் தளிர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வேம்பு ஒரு மணி மாதிரி.

எப்போது, எப்படித் தோப்பைச் சுற்றுவது

மழை விட்டுப் புதுத்தளிர் வரும் நாளிலிருந்து தொடங்குங்கள். நம் பக்கம் அது ஐப்பசி, கார்த்திகை. செம்பு நிறத்தில் மினுமினுப்பாகத் தளிர் நீளும்போதே முதல் பூச்சிகள் வந்துவிடும். பூவெடுத்தபின் தேடத் தொடங்கினால் ஒன்றிரண்டு தலைமுறை ஏற்கெனவே வளர்ந்திருக்கும். மூன்று நான்கு வாரக் கணக்கை மறக்க வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

போகும் நேரம் முக்கியம். வெயில் ஏறினால் பூச்சி இலைக்கு அடியில், மரத்துக்கு உள்ளே போய்விடும். காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள், இல்லாவிட்டால் பொழுது சாயும் நேரத்தில் போங்கள். பகல் பதினொன்றுக்குப் போய், "ஒண்ணும் இல்லையே" என்று திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

எண்ணுவதற்கு நான் வைத்திருக்கும் முறை எளிது. தோப்பில் ஐந்து மரம், நடுவில் ஒன்று, நாலு பக்கமும் ஒவ்வொன்று. ஒவ்வொரு மரத்திலும் நாலு திசை. திசைக்கு ஐந்து தளிர். ஆக நூறு தளிர். காயம்பட்டது எத்தனையோ அதுவே விழுக்காடு, தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை, பூ தொடங்கியபின் வாரம் இருமுறை. ஒரு மரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

காயத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள். காயமே இல்லையென்றால் 0. மூன்று புள்ளிவரை 1. நாலிலிருந்து ஆறு வரை 2. ஆறுக்கு மேல், ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 3. தளிரே காய்ந்துவிட்டால் 4. நோட்டில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் 4 என்பது முடிந்துபோன கதை, அந்தத் தளிருக்கு இனி எதுவும் செய்ய முடியாது. 1-ம் 2-ம் கூடிக்கொண்டே போனால் பூச்சி இப்போது அங்கே இருக்கிறது என்று பொருள். புதியவர்கள் கருகிப்போன 4-ஐப் பார்த்துப் பதறி மருந்து அடிக்கிறார்கள். பார்க்கவேண்டியது ஈரம் காயாத 1-ஐ.

பூச்சியையே பிடித்துப் பார்க்க வேண்டுமானால், வெள்ளைத்துணியோ விரித்த குடையைத் தலைகீழாகவோ கிளைக்குக் கீழே பிடித்து, கிளையைக் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுவதில் சிலந்தி, எறும்பு, கொலைகாரப் பூச்சி, குண்டூசிக்காரன் எல்லாம் இருக்கும். எண்ணிவிட்டுத் திருப்பி விடுங்கள், குண்டூசிக்காரனைத் தவிர.

முசுறு இருந்தால் பாதி வேலை முடிந்தது

இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செம்முசுறு எறும்பை ஆள் வைத்துக் கொளுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது. அது கடிக்கும், உண்மைதான். ஆனால் தளிர்நுனி வரை இரவும் பகலும் ரோந்து போகும் காவலாளி அதைவிட வேறு இல்லை. ஆஸ்திரேலிய முந்திரித் தோப்புகளில் ஹெலோபெல்டிஸுக்கு எதிராக இதே எறும்பை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஜாவாவின் கொக்கோத் தோட்டக்காரர்கள் இதே பேரினத்தை விரட்ட ஒரு கறுப்பு எறும்பைப் பழக்கினார்கள். மரத்தில் ஏறிப் பறிக்கிற பயிரானால் முசுறு தொந்தரவுதான். முந்திரியில் பழம் தானாக விழுந்தபின் கீழே பொறுக்கித்தானே கொட்டை எடுக்கிறோம்?

என் தோப்பில் முசுறுக் கூடு நிறைந்த மரங்களையும் இல்லாத மரங்களையும் பக்கத்துப் பக்கத்திலேயே எண்ணிப் பார்த்தேன். வித்தியாசத்துக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

முசுறு இருக்கும் மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குக் கயிறோ நீளக் கழியோ கட்டிப் பாலம் போடுங்கள். தானாகப் போய்க் கூடு கட்டும். வேறு தோப்பிலிருந்து கூட்டைக் கொண்டுவந்து, ஏற்கெனவே முசுறு உள்ள மரத்தில் வைக்காதீர்கள். இரண்டு குடும்பங்களும் அடித்துக்கொண்டு சாகும். முசுறு மாவுப்பூச்சியையும் செதிள்பூச்சியையும் மாடு மாதிரி வளர்க்கும் என்ற குறையும் உண்டு. அது எல்லை மீறினால் அந்தக் கிளையை மட்டும் கவனித்தால் போதும்.

மருந்து, கடைசியில்

இந்தப் பகுதியை எழுதும்போது காசர்கோடு நினைவுக்கு வராமல் இருக்காது. இதே பூச்சிக்காகத்தான் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அங்குள்ள முந்திரி மலைகளில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தூவினார்கள். கீழே ஊர்கள், கிணறுகள், ஓடைகள். அந்த ஊர்களில் நோயோடும் குறையோடும் வாழ்ந்த பிள்ளைகளின் படங்களை நாடே பார்த்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுக்கத் தடை செய்தது. 8 மில்லிமீட்டர் பூச்சிக்குக் கொடுத்த விலை அது. ஒவ்வொரு முறை டேங்கைத் தோளில் மாட்டும்போதும் இது மனதில் இருக்கட்டும்.

என் முதல் வருஷத் தவறும் இதில்தான். பூ பாதி கருகியபின், கடையில் கலந்து கொடுத்த இரண்டு மருந்தை வாங்கி, காலை பத்து மணிக்குத் தோப்பு முழுக்க அடித்தேன். முந்திரிப்பூ விரிந்து தேனீ வரும் நேரம் அது. இரண்டு நாளில் தோப்பில் ரீங்காரமே இல்லை, முசுறுக் கூடுகள் காய்ந்து தொங்கின. கருகிய பூ பச்சையாகவில்லை. பிஞ்சும் சரியாகப் பிடிக்கவில்லை.

இப்போது நான் பின்பற்றுவது இது. நூறு தளிரில் காயம் ஐந்துக்குள் இருந்தால் எதுவும் செய்வதில்லை, எண்ணிக்கொண்டு இருப்பேன். பத்தைத் தொட்டு, காயமும் புதிதாக இருந்தால் அடிப்பேன். இடையில் இருந்தால் மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணுவேன். தளிர்ப் பருவம், கொத்து வரும் பருவம், பிஞ்சுப் பருவம் என்று மூன்று தெளிப்பு சொல்லும் பழைய அட்டவணை இருக்கிறது. மூன்றும் தேவைப்படும் வருஷம் அபூர்வம். தளிர்ப் பருவத்தில் சரியாகப் பார்த்துச் செய்த ஒரு தெளிப்பு பல நேரம் மற்ற இரண்டையும் மிச்சப்படுத்தும்.

கர்நாடகத்தில் புத்தூரில் உள்ள முந்திரி ஆராய்ச்சி இயக்ககம் சொன்னதில் லாம்டா சைஹாலோத்ரின் 5 ஈசி (ஈசி என்றால் தண்ணீரில் கலக்கும் திரவ மருந்து), லிட்டர் தண்ணீருக்கு 0.6 மில்லி என்பது பரவலாக உள்ள அளவு. அளவுக்கு, கோடு போட்ட ஊசிக்குழாய் வாங்குங்கள், மூடியால் ஊற்றாதீர்கள். ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்காதீர்கள், பூச்சி பழகிவிடும். வாங்குவதற்கு முன் விருத்தாசலம் வட்டார ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ இன்று அனுமதியில் உள்ளது எது என்று கேட்டுவிடுங்கள். பழைய சிபாரிசுத் தாள்களில் இன்று தடையில் இருப்பவையும் உண்டு. வேப்ப எண்ணெயை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பூச்சி பெருகிவிட்டபின் அது தனியாகத் தாங்காது.

அடிப்பது பொழுது சாய்ந்தபின், காற்று இல்லாதபோது. தோப்பின் வெளி வரிசையில் தொடங்கிச் சுற்றி வந்து உள்ளே போங்கள். உள்ளிருந்து வெளியே வந்தால் பூச்சி பக்கத்துத் தோப்புக்குப் பறந்து, இரண்டு நாளில் திரும்பி வரும். முடிந்தால் பக்கத்துத் தோப்புக்காரரோடு பேசி ஒரே வாரத்தில் செய்யுங்கள். தண்டும் கொத்தும் நனைந்தால் போதும், முற்றிய இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைக்க வேண்டியதில்லை. முசுறுக் கூடுள்ள மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போடாமல் ஆளை இறக்காதீர்கள், கூலிக்கு வருகிறவரானாலும் அதே விதிதான். காலி டப்பாவைக் கிணற்றோரம் போடாதீர்கள்.

அறுவடை முடிந்தபின்

ஆனி, ஆடியில் காய்ந்த குச்சிகளையும் ஒன்றையொன்று உரசும் கிளைகளையும் கவாத்து செய்யுங்கள். மரத்துக்குள் வெளிச்சம் நுழைந்தால் பூச்சிக்கு ஒளிய இடம் குறையும், உங்களுக்கும் எண்ணுவது சுலபம். புதுக்கன்று வைப்பதானால் பாஸ்கரா என்ற ரகத்தைப் பற்றி விசாரியுங்கள். அது பூக்கும் காலம் பூச்சியின் உச்சத்திலிருந்து தள்ளி விழுவதால் சேதத்திலிருந்து தப்பும் வாய்ப்பு உண்டு என்று புத்தூரில் சொல்கிறார்கள். நம் மண்ணுக்கு ஒத்துவருமா என்பதை விருத்தாசலத்தில் கேட்டுவிட்டு வையுங்கள்.

எந்த மரத்தில் முதலில் காயம் வந்தது என்று நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள். என் தோப்பில் மூன்று வருஷமாக அது கிழக்கு வேலியோரத்து ஒரே மரம். ஐப்பசியில் முதல் தளிர் வந்ததும் நான் நேரே அங்கேதான் போகிறேன்.